யூராலஜிஸ்ட் பெயருக்கு நேரே பெரிய தொகை: பொதுப் பதிவுகளைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூஜெர்சியில் இருக்கும் என் மாமனாருக்குப் பிராஸ்டேட் புற்றுநோய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறுநீர்ப்பாதை மருத்துவரான யூராலஜிஸ்ட்டிடம் போய் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறார். முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு மெடிகேர். அது பற்றிய பொதுப் பதிவுகளின் ஸ்கிரீன்ஷாட்டை ஒருநாள் உறவுக்காரப் பையன் ஒருவன் அவருக்கு அனுப்பினான். "மாமா, உங்க டாக்டர் மெடிகேர்ல இருந்து ஒரே வருஷத்துல பல லட்சம் டாலர் வாங்கியிருக்கார். மருந்து கம்பெனி பணமும் வாங்கறார்." அவ்வளவுதான். அடுத்த ஊசிக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார் மாமனார். அந்த ஊசி தள்ளிப்போனால் டெஸ்டோஸ்டிரோன் மறுபடி ஏறத் தொடங்கும், புற்றுநோய்க்கு அது தீனி. அன்று ராத்திரி அந்தப் பதிவுகளை எடுத்து வரி வரியாகப் படித்தேன். எண்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. படித்த விதம்தான் தவறு.

முதல் தவறு, இரண்டு வேறு பதிவுகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வது. மெடிகேர் ஒவ்வொரு மருத்துவருக்கும் எந்தச் சேவைக்கு எவ்வளவு கொடுத்தது என்பது ஒரு பதிவு. 1979-இல் ஒரு நீதிமன்றம் போட்ட தடையால் பல ஆண்டுகள் வெளியே வராமல் கிடந்தது. 2013-இல் தடை நீங்கியது, 2014 ஏப்ரலில் முதன்முதலாக வெளியானது. ஓப்பன் பேமென்ட்ஸ் என்பது வேறு. மருந்து, கருவி தயாரிக்கும் கம்பெனிகள் மருத்துவர்களுக்குக் கொடுத்ததைச் சொல்லும் பதிவு அது. 2010-இல் வந்த சன்ஷைன் சட்டத்தின் கீழ் கம்பெனிகளே கணக்குக் கொடுக்க வேண்டும். 2014 செப்டம்பர் 30-இலிருந்து பொதுமக்கள் பார்வைக்கு இருக்கிறது. முன்னது செய்த வேலைக்கு அரசுக் காப்பீடு கொடுத்தது, பின்னது கம்பெனி கொடுத்தது. இரண்டையும் கூட்டி ஒரே தொகையாகச் சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை. இரண்டிலும் தேடும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே பெயரில் பல மருத்துவர்கள் இருப்பார்கள். ஒவ்வொரு மருத்துவருக்கும் தனியாக உள்ள என்பிஐ என்ற பத்து இலக்க எண்ணை வைத்துப் பொருத்திப் பாருங்கள்.

மாமனாரைப் பயமுறுத்திய பெரிய தொகைக்கு வருகிறேன். மெடிகேர் கொடுத்தது முழுவதும் டாக்டரின் வருமானம் என்று நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு, எல்லோரும் செய்வது. யூராலஜியில் இது இன்னும் மோசம். காரணம், விலை உயர்ந்த ஊசிகளைக் கிளினிக்கே முதலில் காசு கொடுத்து வாங்கி வைக்கிறது, நோயாளிக்குப் போட்ட பிறகு மெடிகேரிடம் பில் போடுகிறது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி மருந்து விற்றவருக்கே திரும்பிப் போகிறது. சட்டப்படி மருந்தின் சராசரி விற்பனை விலையோடு 6 சதவீதம் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அரசுச் செலவைக் குறைக்கும் பட்ஜெட் வெட்டு வந்த பிறகு கையில் வருவது அதைவிடவும் குறைவு. பதிவில் மருந்துக்கான தொகையும் மருத்துவச் சேவைக்கான தொகையும் தனித்தனிப் பத்தியில் இருக்கின்றன. அதைப் பார்க்காமல் மொத்தத்தைச் சொல்வது, மளிகைக் கடைக்காரரின் கல்லாவில் விழுந்த பணம் எல்லாம் லாபம் என்று சொல்வதற்குச் சமம். மாமனாரின் டாக்டர் கணக்கில் பாதிக்கு மேல் ஊசி மருந்துதான்.

சேவைகளின் எண்ணிக்கையும் இப்படித்தான் ஏமாற்றும். அடிக்கடி சிறுநீர் வரும் தொல்லைக்குச் சிறுநீர்ப்பையில் போட்டாக்ஸ் ஊசி போடுவார்கள், வழக்கமாக 100 யூனிட். மெடிகேர் அதை யூனிட் யூனிட்டாக எண்ணுகிறது. ஒரு நோயாளிக்கு ஒருமுறை போட்டால் பதிவில் 100 சேவை. எலும்புக்குப் போடும் டெனோசுமாப் மில்லிகிராம் கணக்கில் வருவதால் ஓர் ஊசியே 60 அல்லது 120 என்று நிற்கும். ஆயிரக்கணக்கில் எண் பார்த்ததும் மூச்சு அடைக்க வேண்டாம், பக்கத்தில் நோயாளிகள் எத்தனை பேர் என்ற பத்தி இருக்கும், அதைப் பாருங்கள். அப்புறம் குழாய் விட்டுச் சிறுநீர்ப்பையைப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி போன்ற ஒரே பரிசோதனையை ஆஸ்பத்திரியில் செய்தால் டாக்டர் பெயரில் குறைவாகவும் சொந்தக் கிளினிக்கில் செய்தால் கூடுதலாகவும் வரும். கிளினிக்கில் இடம், நர்ஸ், கருவி எல்லாச் செலவும் அவர் தலையில். ஆஸ்பத்திரிக்கு மெடிகேர் தனியாகக் கொடுத்துவிடுகிறது.

டாக்டர் கேட்ட கட்டணம், மெடிகேர் அனுமதித்த தொகை, மெடிகேர் கொடுத்த தொகை என்று மூன்று இருக்கும். முதலாவது கேட்டது மட்டும்தான், கிடைத்தது அல்ல.

இந்தப் பதிவில் இல்லாவிட்டால் அவர் அந்தச் சிகிச்சையே செய்வதில்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. இதில் அரசே நேரடியாகப் பணம் கொடுக்கும் பழைய முறை மெடிகேர் மட்டுமே உண்டு. தனியார் வழியாக வரும் மெடிகேர் அட்வான்டேஜ் இதில் சேராது, ஆனால் மெடிகேர் உள்ளவர்களில் பாதிக்கு மேல் இப்போது அதில்தான் இருக்கிறார்கள். தனியார் இன்ஷூரன்ஸ் நோயாளிகளும் இல்லை. ஒரு சேவையைப் பெற்றவர்கள் பத்துப் பேரோ அதற்குக் குறைவோ என்றால் அந்த வரியையே மறைத்துவிடுவார்கள், நோயாளி யார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக. வாசெக்டமி என்ற ஆண் கருத்தடை, ஆண் மலட்டுத்தன்மை என்று இளைஞர்களையே அதிகம் பார்க்கும் நல்ல யூராலஜிஸ்ட் இந்தப் பதிவில் வேலையே இல்லாதவர் போலத் தெரிவார்.

கம்பெனிப் பணத்துக்கு வருவோம். இங்கே மொத்தத் தொகை என்பது கிட்டத்தட்ட எதையும் சொல்வதில்லை. ஆராய்ச்சிப் பணம் தனி வகை. டாக்டர் அதன் முதன்மை ஆய்வாளர் என்பதால் அவர் பெயர் இருக்கும், பணம் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போயிருக்கும். ராயல்டி என்றால் அவர் கண்டுபிடித்த கருவிக்குக் கிடைப்பது. பெரிய எண்களைப் பார்த்தால் முதலில் இந்த இரண்டா என்று பாருங்கள்.

ஆனால் "வெறும் மதியச் சாப்பாடுதானே" என்று சின்னத் தொகைகளைத் தள்ளிவிடுவதையும் நான் ஏற்கமாட்டேன். 2016-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த ஆய்வில், கம்பெனி வாங்கிக் கொடுத்த ஒரே ஒரு சாப்பாட்டுக்கும் அந்தக் கம்பெனியின் பிராண்ட் மாத்திரையைக் கூடுதலாக எழுதுவதற்கும் தொடர்பு தெரிந்தது. சாப்பாட்டால்தான் எழுதினார்கள் என்று அது நிரூபிக்கவில்லை, ஆனால் அலட்சியப்படுத்தவும் முடியாது. யூராலஜிக்கு இதில் ஒரு கசப்பான வரலாறே உண்டு. லுப்ரான் என்ற பிராஸ்டேட் புற்றுநோய் ஹார்மோன் ஊசியை விற்ற டேப் என்ற கம்பெனி, யூராலஜிஸ்ட்டுகளுக்கு இலவச சாம்பிள் கொடுத்து, அதற்கும் மெடிகேரிடம் பணம் வாங்கிக்கொள்ள வழிவிட்டது. 2001-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 87.5 கோடி டாலர் கட்டியது. அந்தக் காலத்துக் கணக்கு முறையில் இருந்த ஓட்டையை அடைக்கத்தான் மேலே சொன்ன சராசரி விலை முறை 2005-இல் வந்தது.

அதனால் தொகையைவிட அது எப்படி வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரே கம்பெனி, ஒரே மருந்து, வருடக்கணக்காகச் சொற்பொழிவுக் கட்டணம் என்று இருந்தால் யோசிக்க வேண்டியதுதான். எந்த மருந்து தொடர்பான பணம் என்பதைப் பதிவே பல இடங்களில் சொல்கிறது. சொற்பொழிவு நிகழ்ச்சிகளைப் பற்றி அமெரிக்க சுகாதாரத் துறையின் கண்காணிப்பு அலுவலகமே 2020 நவம்பரில் தனி எச்சரிக்கை விட்டது. அதற்காகப் பதிவில் பெயர் இருந்தாலே குற்றம் என்று ஆகாது, சட்டம் கேட்பது வெளிப்படையாகச் சொல்வதை. டாக்டர் மறுத்த பதிவும் "தகராறில் உள்ளது" என்ற குறிப்போடு வெளிவரும்.

எதுவுமே இல்லை என்றால் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. இலவச சாம்பிள்கள் கணக்கில் வராது, மிகச் சிறிய தொகைகளும் வராது. 2021-க்கு முன்னால், கூடுதல் பயிற்சி பெற்ற நர்ஸ்களான நர்ஸ் பிராக்டிஷனர்கள் இந்தப் பட்டியலிலேயே இல்லை. பல கிளினிக்குகளில் மருந்து எழுதுவதே அவர்கள்தான்.

மாமனாரின் டாக்டர் பெயரில் சில சாப்பாடுகளும், ஒரு மாத்திரைக் கம்பெனியிடமிருந்து இரண்டு வருடச் சொற்பொழிவுப் பணமும் இருந்தன. அந்த மாத்திரை மாமனாருக்கு எழுதப்படவில்லை. அடுத்த சந்திப்புக்கு நானும் கூடப் போனேன். பதிவை வைத்து அவரை மடக்காமல், "இந்த ஊசிக்குப் பதில் வேறு என்ன இருக்கிறது, ஏன் இதையே தேர்ந்தெடுத்தீர்கள், பதிவில் இருக்கும் மாத்திரைக் கம்பெனியோடு உங்களுக்கு என்ன தொடர்பு?" என்று நேராகக் கேட்டோம். தினசரி விழுங்கும் மாத்திரை ஒன்று இருக்கிறது, நாள் தவறாமல் எடுக்க வேண்டும், அதைத் தயாரிக்கும் கம்பெனிக்காகத்தான் தான் பேசுகிறேன் என்று அவரே சொன்னார். மாமனார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எனக்கு மறதி அதிகம், ஊசியே போடுங்க" என்று சட்டைக் கையை மடக்கினார்.