கிறிஸ்தவப் பள்ளியில் பிள்ளை தவறு செய்தால்: ஆசிரியர்களுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

கிறிஸ்தவப் பள்ளியில் ஒழுங்கு பற்றிப் பேச்சு எடுத்தாலே யாராவது பைபிளின் நீதிமொழிகள் 13:24-ஐ, அதாவது பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான் என்கிற வசனத்தை, எடுத்து வைப்பார்கள். அந்த வசனத்தில் இருப்பது ஒரு தகப்பனும் மகனும். வாத்தியார் அதில் எங்கும் இல்லை. பள்ளிக்கு நிஜமாகவே உதவுகிற பகுதி மத்தேயு 18:15-17. தவறு செய்தவனிடம் முதலில் தனியாகப் பேசு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் மசியாவிட்டால்தான் சபைக்குச் சொல். நடப்பில் இது பெரும்பாலும் தலைகீழாகத்தான் போகிறது: முதலில் அசெம்பிளியில் பெயர் சொல்லித் திட்டு, அடுத்து பெற்றோருக்கு ஃபோன், கடைசியில் யாருக்காவது நேரம் இருந்தால் பிள்ளையிடம் "என்னப்பா நடந்தது?" என்று ஒரு கேள்வி.

அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். விசாரிக்கும் முன்பே பதில் சொல்வது புத்தியீனம் என்று நீதிமொழிகள் 18:13 சொல்கிறது. முதலில் பேசுகிறவன் நியாயமானவனாகத் தெரிவான், எதிராளி வந்து கேட்கும் வரைக்கும்தான் என்று அதே அதிகாரத்தின் 17-ஆம் வசனம் சொல்கிறது. அதனால் சண்டை போட்ட இருவரையும் ஒரே அறையில் எதிரெதிரே நிறுத்தாதீர்கள், தனித்தனியாக உட்கார வைத்து, அவரவர் வார்த்தையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்கள் எழுதும் குறிப்பிலும் இதே கவனம் வேண்டும். "திமிராகப் பேசினான்" என்பது உங்கள் அபிப்பிராயம். "நோட்டைக் கேட்டபோது 'தர மாட்டேன்' என்று சொல்லி மேஜைமேல் எறிந்தான், மூன்றாவது பீரியட்" என்பது நடந்தது. இரண்டாவது மாதிரி எழுதினால், நாளைக்குப் பெற்றோர் வந்து உட்காரும்போது வாக்குவாதம் தானாகவே குறையும்.

தண்டனை விஷயத்தில், முடிந்தவரை தவறையும் பரிகாரத்தையும் சேர்த்துக் கட்டுங்கள். யாத்திராகமம் 22-இல் திருடினவன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூலிப்பவன் சகேயுவும் நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகத்தான் சொன்னான். சுவரில் கிறுக்கியவன் சுவரைத் துடைக்கட்டும், காப்பி அடித்தவள் வேறு கேள்வித்தாளில் மறுபடி எழுதட்டும். முழங்காலில் நிறுத்துவது, காதைத் திருகுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். இது ஏதோ நவீனக் காலத்துச் சலுகை என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இத்தாலியக் கத்தோலிக்கப் பாதிரியார் டான் போஸ்கோ 1877-லேயே தன் பள்ளிகளுக்கு எழுதிய முறையில் அடிப்பது, வலிக்கும்படி மண்டியிட வைப்பது, காதைப் பிடித்து இழுப்பது மூன்றையும் அடியோடு விலக்கச் சொன்னார், கண்டிப்பதைக்கூட மிக அரிதான சமயம் தவிர மற்றப் பிள்ளைகள் இல்லாதபோதுதான் செய்யச் சொன்னார். அது அவர் தொடங்கிய சலேசியர் துறவற சபையின் வழி, உங்கள் பள்ளி எந்தச் சபையைச் சேர்ந்ததாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, பைபிளைத் தண்டனைக் கருவி ஆக்காதீர்கள். தாமதமாக வந்ததற்கு பைபிளின் சங்கீதப் பாடல் ஒன்றை ஐம்பது முறை எழுது என்றால், பிள்ளை வெறுக்கப் பழகுவது தாமதத்தை அல்ல, அந்தச் சங்கீதத்தைத்தான். கட்டாய மன்னிப்பும் இதே ரகம். எல்லார் முன்பும் "சாரி சொல்லு" என்றால் சொல்லிவிடுவார்கள், அவ்வளவுதான். அழ வைத்து ஜெபிக்க வைப்பதை மனந்திரும்புதல் என்று கணக்கெழுதும் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. வேறு மதத்துப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளியாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. சேப்பலில் அமைதியாக இருக்கச் சொல்வது நடத்தை விதி, அங்கே பாடவில்லை என்று தண்டிப்பது வேறு.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. மத்தேயு 18 எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பாலியல் சீண்டல், கடுமையான அடிதடி, தொடர் மிரட்டல், ஒரு பெரியவர் பிள்ளைக்குச் செய்த கொடுமை, இவற்றில் "முதலில் நீ போய் அவனிடம் தனியாகப் பேசு" என்று பாதிக்கப்பட்ட பிள்ளையை அனுப்புவது இரண்டாவது கொடுமை. அங்கே முதல் படியே குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடமும், சட்டம் சொல்கிற அதிகாரிகளிடமும் உடனே தெரிவிப்பதுதான். பள்ளிப் பெயர் கெடும், சபைக்கு அவமானம், நமக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும், போதகரே சொன்னாலும், கேட்காதீர்கள்.

சஸ்பெண்ட் வரை போனால், எத்தனை நாள், எதற்காக, திரும்பி வரும்போது என்ன எதிர்பார்ப்பு என்பதை முதல் நாளே எழுத்தில் கொடுங்கள், பாடக் குறிப்புகளும் வீட்டுக்குப் போகட்டும். பள்ளிகள் அதிகம் கோட்டைவிடுவது திரும்பி வரும் நாளில்தான். 2 கொரிந்தியர் 2:6-8-இல் பவுல், தவறு செய்து சபையால் தண்டிக்கப்பட்ட ஒருவனைப் பற்றி, அவனுக்குக் கிடைத்த தண்டனை போதும், இனி மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் துக்கத்தில் மூழ்கிவிடுவான் என்கிறார். ஆகவே வகுப்பாசிரியர் காலையில் பெல் அடிக்கும் முன்பே அந்தப் பிள்ளையைத் தனியாகப் பார்த்து, எந்த இடத்தில் உட்காரலாம், விட்டுப்போன பாடத்தை யாரிடம் கேட்கலாம் என்று சொல்லிவிட வேண்டும். மற்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: "வந்துட்டாரா ஐயா" என்கிற கிண்டல் கூடாது. அடுத்த வருட வகுப்பாசிரியரிடம் பழைய ஃபைலைக் கொடுப்பதும், பாதுகாப்புக்குத் தேவையான தகவல் இருந்தால் மட்டும்.