ரை பிரெட்டுக்குக் கருப்பு பீர்

பிரெட் மெஷினில் ரை (கோதுமை போன்ற ஒரு தானியம்) மாவு கலந்த ரொட்டி செய்பவர்கள் ஒருமுறை தண்ணீருக்குப் பதில் கருப்பு பீர் ஊற்றிப் பாருங்கள். பீரில் உள்ள வறுத்த மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) வாசமும் நல்ல பழுப்பு நிறமும் அப்படியே ரொட்டியில் இறங்கும்.

பீரை முந்தின இரவே ஒரு அகலமான பாத்திரத்தில் ஊற்றி வெளியிலேயே வையுங்கள்; நுரையும் அடங்கும், குளிர்ச்சியும் போகும். நுரையோடு ஊற்றினால் அளவு சரியாக வராது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லென்ற பீரில் ஈஸ்ட் மந்தமாகிவிடும்.

என் அளவு இது: கோதுமை பிரெட் மாவு 350 கிராம், ரை மாவு 150 கிராம், பீர் 330 மில்லி, உப்பு 9 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. பீரின் கசப்புக்கு ஒரு கரண்டி தேன் கட்டாயம். ரை மாவை இதற்கு மேல் கூட்டாதீர்கள், ரொட்டி எழும்பாமல் கனத்துப் போகும்.

பிசைய ஆரம்பித்துப் பத்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்து பாருங்கள். மாவு விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். பயந்து மாவு தூவ வேண்டாம், ரையின் குணமே அதுதான். மூலையில் ஒட்டியதை மட்டும் ரப்பர் கரண்டியால் வழித்துவிடுங்கள். அப்புறம், வெந்ததும் உடனே வெட்டாதீர்கள். நன்றாக ஆறாவிட்டால் உள்ளே களி மாதிரி இருக்கும்.