"எங்க எண்டாலும் சரி": தேனிலவுக்குப் போகுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஆவணியில் ஒரு தம்பி மட்டக்களப்பு கல்லடியில் என் வீட்டுக்கு வந்தான். கல்யாணத்துக்கு இரண்டு கிழமை இருந்தது. "அண்ணா, நுவரெலியாவுக்கு மூண்டு நாள், வானுக்கு எவ்வளவு?" என்றான். "புள்ள என்ன சொல்லுது?" என்று கேட்டேன். "அவ எங்க எண்டாலும் சரி எண்டுட்டா" என்றான், வரம் கிடைத்தவன் போல. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினாறு வருடத்துக்கு முன் இதே பதிலை நம்பித்தான் நானும் வானை எடுத்தேன்.

புதுச்சோடிகளை ஏற்றி இறக்குவது என் தொழில். அடையாள அட்டையை எடு, சார்ஜரை மறக்காதே என்பதையெல்லாம் உங்கள் மாமியே சொல்லிவிடுவா. அவ சொல்லாததை நான் சொல்கிறேன்.

அந்தப் பதில்

கல்யாணம் பேசி முடிந்த கையோடு "எனக்குக் குளிர் ஒத்துவராது" என்று சொல்ல எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு வாய் வராது. மாப்பிள்ளை முகம் சுருங்குமோ என்று பயம். ஆண்பிள்ளையும் லேசுப்பட்டவனில்லை. கூட்டாளிமார் நுவரெலியாவில் கிரகரி வாவிக் கரையில் நின்று எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, அதைத் தன் ஆசை என்று நினைத்துக்கொண்டிருப்பான். நான் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று இரவுக்கும் ஹோட்டல் காசை முன்கூட்டியே கட்டினேன். ரத்துச் செய்தால் திருப்பித் தரமாட்டோம் என்பதால் விலை குறைவு. கெட்டித்தனம் செய்துவிட்டதாக நினைப்பு. நாலாஞ்சடங்கு முடிந்த மறுநாள் விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டோம். செங்கலடியில் திரும்பி, மகாஓயா, பிபிலை மட்டும் பாட்டும் கதையும்தான். லுணுகலைப் பக்கம் ஏற்றம் தொடங்கி வான் வளைந்து வளைந்து கிறுக, கதை நின்றது. பசறைக்கு முன் மூன்று தரம் நிறுத்தினேன். மூன்றாம் தரம், முழங்கை மட்டும் மருதாணி சிவந்த கையால் சொப்பின் பையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்டுமில்ல, நீங்க ஓடுங்க" என்றாள். நானும் ஓடினேன். அதுதான் இன்றைக்கும் என்னை எரிச்சல்படுத்துவது.

நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம். தை மாதத்து விடியற்காலையில் புல்லில் உறைபனி விழுகிற ஊர். என் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு, ஆஸ்துமா. இரவு இரண்டு மணிக்கு இரண்டு கம்பளிக்குள் குந்தியிருந்து மூச்சு வாங்கினாள். இழுப்புக்கு அடிக்கிற மருந்துப் பம்ப் எங்கே என்றால், வீட்டில். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியவேண்டாம் என்று அவளுடைய அம்மா பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டாவாம். விடிந்ததும் ஆஸ்பத்திரி, ஆவி பிடித்தல், அப்படியே ஊருக்குத் திரும்பல். மிச்ச இரண்டு இரவுக் காசு போனது போனதுதான். ஹோட்டலைக் குறை சொல்ல வழியில்லை, ரசீதில் தெளிவாகப் போட்டிருந்தார்கள்.

"எங்க போவம்?" என்ற கேள்வியே பிழை. இடத்தைக் கேட்காதீர்கள், உடம்பைக் கேளுங்கள். வளைவில் தலை சுற்றுமா? குளிர் பிடிக்குமா, வெக்கை பிடிக்குமா? தண்ணீருக்குள் இறங்கப் பயமா? விடிய எழும்பி மலை ஏறவா, பத்து மணி மட்டும் படுக்கவா? எந்த நாளில் மரக்கறி? இரண்டு பேருக்கும் ஒவ்வொரு தாளைக் கொடுத்து, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் எழுதச் சொல்கிறேன். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அந்த ஆவணித் தம்பி தாள் நிறைய மலைநாட்டு இடங்களை எழுதினான்: உலக முடிவு, எல்ல, ஒன்பது வளைவுப் பாலம். பெண்ணின் தாளில் ஒரே சொல், "நித்திரை". அது சரியான பதில். கல்யாண வீட்டில் ஒரு கிழமையாக எவர் தூங்கினார்? போதாக்குறைக்கு, எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பதுதான் வழக்கம். முற்றம் நிறையச் சொந்தம், கதவைச் சாத்தினால் யாராவது தேத்தண்ணியோடு தட்டுவார்கள். முதலில் பாசிக்குடாக் கடற்கரைக்குப் போங்கள் என்றேன். "பாசிக்குடாவா? அது பள்ளிக்கூடச் சுற்றுலா போன இடம்" என்று பெடியன் முகத்தைத் தொங்கப் போட்டான். ஆனால் வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். கரையோரம் கடல் ஆழமில்லை, கனதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான். இரண்டு இரவு அங்கே தூங்கிவிட்டு, பிறகு இரண்டு இரவு எல்லவுக்குப் போனார்கள். அவளுக்குத் தலைச்சுற்று இல்லை என்று அவள் வாயால் கேட்ட பிறகுதான் மலைக்குச் சம்மதித்தேன்.

காற்றைப் பார்க்காமல் கடலுக்குப் போவது

கார்த்திகையிலிருந்து தை முற்பகுதி மட்டும் நம் கிழக்குக் கரையில் மழை, கடலும் முரடு. தையில் கல்யாணம் என்றால் தென்மேற்குக் கரையில் பெந்தோட்டை, மிரிச பக்கம் போங்கள்; மிரிசவில் திமிங்கிலம் பார்க்கும் படகுகளுக்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் நல்ல காலம். வைகாசி முதல் ஆவணி மட்டும் கதை தலைகீழ். இங்கே கச்சான் காற்று வெக்கையாக அடிக்கும்போது அந்தப் பக்கம் பருவமழை. அப்போது பாசிக்குடா, நிலாவெளி.

அறுகம்பை தனிக் கதை. மே முதல் ஒக்டோபர் வரை அங்கே அலை வரும், அலைச்சறுக்குக்காரருக்குச் சொர்க்கம். சறுக்கத் தெரியாதவர்களுக்கு? ஒரு பெடியன் மனைவியை அங்கே கூட்டிப்போனான். நாலு நாளும் அவள் மணலில் இருந்து அவனுடைய செருப்புக்குக் காவல்.

சித்திரையில் நுவரெலியா

வேண்டாம். அது சீசன். அறை விலை ஏறும், றோட்டில் வான் நகராது.

மாலைதீவு என்று ஆசை காட்டுகிறவர்கள்

கொழும்பிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம், போய் இறங்கினால் அங்கேயே விசா. காசு கடிப்பது அதற்குப் பிறகு. விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போகும் வேகப்படகோ கடல்விமானமோ அறை விலையில் சேர்ந்ததா என்று கேளுங்கள், பெரும்பாலும் சேராது. கடல்விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். பின்னேரம் பிந்திப் போய் இறங்கினால் ஒரு இரவு மாலேயில் தங்க வேண்டிவரும், அந்த அறைக்கும் நீங்கள்தான் கட்டவேண்டும்.

திகதி

சாத்திரியாரிடம் கேட்பதற்கு முன் பெண்ணிடம் கேளுங்கள். விளக்கமாட்டேன்.

விலைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு கூட்டல் குறி

ஹோட்டல் விலைக்குப் பின்னால் ++ என்று போட்டிருந்தால், ஒன்று சேவைக் கட்டணம் 10 சதவீதம், மற்றது அதற்கு மேல் 18 சதவீத வற் வரி. முப்பதாயிரம் என்று போன அறை பில்லில் கிட்டத்தட்ட முப்பத்தொன்பதாயிரத்தில் நிற்கும்.

டபுளும் டுவினும்

டபுள் அறை என்றால் ஒரு கட்டில், டுவின் அறை என்றால் இரண்டு. ஒரு மாப்பிள்ளை விலை குறைவு என்று டுவினைப் போட்டுவிட்டு இரவு ஒன்பது மணிக்கு என்னைக் கூப்பிட்டான். நானும் அறைப் பையனும் இரண்டு கட்டிலையும் தள்ளிச் சேர்த்தோம். நடுவில் நாலு விரல் இடைவெளி. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பெண் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டாள்.

கூட வருகிறேன் என்ற மச்சான்

ஏற்றாதீர்கள்.