துபாய் ஸ்கூல்ல டீச்சர் வேலை கிடைச்சிருச்சா? கெளம்புறதுக்கு முன்னாடி இதை படிச்சிருங்க

ஆஃபர் லெட்டர் வந்ததும் எல்லாரும் முதல்ல பண்றது ஒன்னுதான், திர்ஹாமை ரூபாய்ல மாத்தி பாக்குறது. நானும் அதைத்தான் பண்ணேன். திருச்சில ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல பத்து வருஷமா கெமிஸ்ட்ரி எடுத்துட்டு இருந்தவளுக்கு 6,000 திர்ஹாம்னா தலை சுத்தாதா என்ன. அதுக்கு கீழயே பேசிக் 2,400, மிச்சமெல்லாம் அலவன்ஸ்னு பிரிச்சு போட்டிருந்தாங்க, அதை நான் கண்டுக்கவே இல்ல.

அங்கதான் கோட்டை விட்டேன். வேலைய விட்டு போறப்ப குடுக்குற கிராஜுவிட்டிய இங்க பேசிக்கை வச்சுதான் கணக்கு பண்ணுவாங்க. ஒரு வருஷமாவது முடிச்சிருக்கணும், முதல் அஞ்சு வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் பேசிக், அதுக்கு மேல போனா 30 நாள். எனக்கு 2,400னால வருஷத்துக்கு 1,680. அதே 6,000ல பேசிக் 4,000னு போட்டிருந்தா 2,800. அஞ்சு வருஷத்துக்கு 5,600 திர்ஹாம் வித்தியாசம் வருது பாருங்க. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி கேட்டா சில ஸ்கூல்ல மாத்தி தருவாங்க, போட்ட பிறகு யாரும் காது குடுக்க மாட்டாங்க. கூடவே ஜூலை ஆகஸ்ட் லீவுக்கு சம்பளம் உண்டா, ஊருக்கு டிக்கெட் யார் செலவு, நம்ம பிள்ளைக்கு ஃபீஸ்ல எவ்வளவு குறைப்பாங்க, இதெல்லாம் எழுத்துல வாங்கிருங்க. விசா செலவும் ஆள் எடுக்குற செலவும் ஸ்கூலோடதுதான்னு இங்க சட்டமே இருக்கு, அதுக்குன்னு எந்த ஏஜென்ட்டாவது லட்சக்கணக்குல கேட்டான்னா போனை வச்சிருங்க.

அடுத்தது சர்டிஃபிகேட். டிகிரியும் பிஎட்டும் அட்டெஸ்டேஷன் ஆகணும் (அசல்தான்னு அரசு முத்திரை வாங்குறது), முதல்ல மாநில அரசு, அப்புறம் டெல்லி வெளியுறவுத்துறை, அப்புறம் அமீரக தூதரகம், கடைசில இங்க வெளியுறவு அமைச்சகம்னு ஒவ்வொரு படியா ஏறணும். நடுவுல ஒரு படிய தாண்டி போக முடியாது. பாஸ்போர்ட்ல இருக்குற பேரும் டிகிரில இருக்குற பேரும் ஒரே மாதிரி இருக்கான்னு இன்னிக்கே எடுத்து பாருங்க, நம்ம ஊர்ல இனிஷியல் ஒரு இடத்துல முன்னாடி, இன்னொரு இடத்துல அப்பா பேரா விரிச்சு, கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுக்காரர் பேரா மாறின்னு இருக்கும், இதுலயே எனக்கு ரெண்டு மாசம் போச்சு. பாஸ்போர்ட் ஆஃபீஸ்ல போலீஸ் கிளியரன்ஸும் வாங்கிருங்க. குடும்பத்தை பின்னாடி கூட்டிட்டு வர்றதா இருந்தா மேரேஜ் சர்டிஃபிகேட்டையும் பிள்ளைங்க பர்த் சர்டிஃபிகேட்டையும் சேர்த்து அட்டெஸ்ட் பண்ணிட்டு வாங்க, இங்க வந்துட்டு ஊர்ல இருக்குற தம்பிய அலைய விடாதீங்க பாவம். இதுக்கு மேல துபாய்ல கேஹெச்டிஏ, அபுதாபில அடெக், ஷார்ஜால ஸ்பியா, அந்தந்த எமிரேட் கல்வித்துறை உங்களை டீச்சரா அப்ரூவ் பண்ணணும், அந்த வேலைய ஸ்கூலே பாத்துக்கும், பேப்பர் சரியா இருந்தா போதும்.

வந்து இறங்கின பிறகு முதல் மாசம்தான் உண்மையான சோதனை. மெடிக்கல் டெஸ்ட் (ரத்தமும் நெஞ்சு எக்ஸ்ரேயும்), அப்புறம் எமிரேட்ஸ் ஐடி, ஐடி வந்தாதான் ஒழுங்கா பேங்க் அக்கவுண்ட், அக்கவுண்ட் இருந்தாதான் செக் புக். இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, இங்க வீட்டு வாடகைய மாசாமாசம் கைல குடுக்குற பழக்கம் பெருசா கிடையாது, வருஷ வாடகைய ரெண்டு செக், நாலு செக்னு முன்னாடியே எழுதி குடுக்கணும். வருஷத்துக்கு 50,000 வாடகை, நாலு செக்னு வச்சுக்குங்க, முதல் செக் 12,500, அட்வான்ஸ் 5% 2,500, புரோக்கர் கமிஷன் 5% 2,500, தேவாக்கு (துபாய்ல கரண்டும் தண்ணியும் குடுக்குற அரசு நிறுவனம்) டெபாசிட் 2,000, சாவி கைக்கு வர்றதுக்குள்ள 19,500 காலி, இதுல ஒரு தலகாணி கூட வாங்கல இன்னும். சம்பளமோ மாசக்கடைசிலதான். அதனால முதல் ரெண்டு மாசத்துக்கு தங்க ஸ்கூல்ல ஏதாவது ஏற்பாடு இருக்கான்னு கேளுங்க, இல்லேன்னா தெரிஞ்சவங்களோட ஷேரிங்ல இருங்க. ஆனா பலகை அடிச்சு பார்ட்டிஷன் போட்ட ரூமுக்கு மட்டும் போகாதீங்க, அது சட்டப்படி தப்பு, செக்கிங் வந்தா ராத்திரியோட ராத்திரியா பெட்டிய தூக்கணும். வீட்டு ஒப்பந்தத்தை எஜாரில (துபாய் அரசோட வாடகை ஒப்பந்தப் பதிவு) பதிஞ்சாங்களான்னும் பாருங்க, அது இல்லாம தேவா கனெக்‌ஷன் கிடையாது, குடும்ப விசாக்கும் அதைத்தான் கேப்பாங்க.

ஷார்ஜால வாடகை கம்மின்னு எல்லாரும் சொல்வாங்க, உண்மைதான், ஆனா ஸ்கூல் துபாய்ல இருந்தா காலைல அந்த அல் இத்திஹாத் ரோடு டிராஃபிக்ல உங்க ஆயுசு கரையும். நான் ஒரு வருஷம் பாத்துட்டு அல் குசைஸ் பக்கம் மாறிட்டேன். கராமா, அல் நஹ்தா, குசைஸ் எல்லாம் நம்மாளுங்க நிறைய இருக்குற ஏரியா, இட்லி மாவுல இருந்து முருங்கைக்கீரை வரைக்கும் கீழயே கிடைக்கும்.

கிளாஸ்ரூம் பத்தி. ஏற்கனவே பாடம் நடத்த தெரிஞ்சவங்களுக்கு நான் என்ன சொல்லப்போறேன், ஆனா ரெண்டு மூணு விஷயம் வேற மாதிரி. பிள்ளைங்களை அடிக்கிறது, காதை திருகுறது, விளையாட்டுக்கு கூட கூடாது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுறதும் கூடாது, அனுமதி இல்லாம ஒருத்தரை போட்டோ எடுத்தாலே இங்க கேஸ் ஆகும். 2022ல இருந்து வீக்கெண்ட் சனி ஞாயிறு, வெள்ளி அரை நாள், ஷார்ஜால மட்டும் வெள்ளியும் லீவு. ரம்ஜான்ல ஸ்கூல் நேரம் குறையும். டியூஷன் எடுக்கலாமான்னு எல்லாரும் கேக்குறாங்க, 2023 டிசம்பர்ல இருந்து அதுக்குன்னு தனி பெர்மிட் இருக்கு, ஃப்ரீதான், அதை வாங்காம வீட்டு ஹால்ல பாய் விரிச்சு பத்து பிள்ளைங்களை உக்கார வைக்காதீங்க.

ஊருக்கு வாட்ஸப்ல பேசிக்கலாம்னு நினைக்காதீங்க, மெசேஜ் போகும், கால் போகாது, அம்மா போன்ல போட்டிம்ங்கிற கால் பேசுற ஆப் போட்டு குடுத்துட்டு, எப்படி எடுக்கணும்னும் சொல்லிக் குடுத்துட்டு வாங்க.

கடைசியா பெட்டி. கசகசா கொண்டு வரவே வராதீங்க, நம்ம குருமாவுக்கு போடுறதுதான், ஆனா இங்க அது போதைப்பொருள் லிஸ்ட்ல இருக்கு, வீட்ல அம்மா அன்பா மசாலா டப்பால ஓரமா வச்சு அனுப்பிருப்பாங்க, நீங்களே ஒருதடவை திறந்து பாத்துருங்க. தூக்க மாத்திரை, ஸ்ட்ராங்கான வலி மாத்திரை, கோடீன் இருக்குற இருமல் சிரப் இதுக்கெல்லாம் முன் அனுமதி வேணும். சாம்பார் பொடி, ஊறுகாய்க்கு இடம் ஒதுக்காதீங்க, எல்லாம் இங்க லுலு சூப்பர் மார்க்கெட்ல இருக்கு. அந்த இடத்துல ரெண்டு ஸ்வெட்டர் வைங்க. வெளிய நாப்பது டிகிரி தாண்டி கொளுத்தும், உள்ள ஸ்டாஃப் ரூம் ஏசில நாங்க எல்லாரும் ஊட்டில உக்காந்த மாதிரிதான் உக்காந்து பேப்பர் திருத்திட்டு இருக்கோம்.