செஷினுக்குச் செல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏழு நாள் மௌன ஜென் முகாமான செஷினில், அமர்வுகளுக்கு மணியடிக்கும் பொறுப்பை இப்போதெல்லாம் என்னிடம் கொடுத்துவிடுகிறார்கள். சுவரை நோக்கி அமரும் சோட்டோ என்னும் ஜென் பிரிவின் மரபில், மணிக்காரரின் இடத்திலிருந்து பார்த்தால் எல்லோருடைய முதுகும் தெரியும். இரண்டாம் நாளிலேயே எந்த முதுகு எந்தத் தவறைச் செய்கிறது என்று சொல்லிவிட முடிகிறது. பெரும்பாலானவை நானே செய்தவை. கைபேசியை அணைக்க மறப்பது, மணியடித்த பின் உள்ளே நுழைவது போன்றவற்றை முதல் நாளே எவரேனும் திருத்திவிடுவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

முழங்காலைப் பணயம் வைப்பது

அமர்வின்போது அசையக் கூடாது என்ற விதி, ஒவ்வொரு அரிப்புக்கும் அலுப்புக்கும் பின்னால் மனம் ஓடாமலிருக்க ஏற்பட்டது. புதியவர்கள் அதை வலி தாங்கும் போட்டியாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பத்மாசனத்தில் மடங்குவது முழங்கால்தான் என்று தோன்றினாலும், தொடை வெளிப்புறமாகத் திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டில். முழங்கால் பெரும்பாலும் கதவுக் கீலைப் போல மடங்கி நீள்வது. இடுப்பு இளகாத நிலையில் பாதத்தைக் கையால் இழுத்து எதிர்த்தொடையின் மேல் ஏற்றினால், அந்த முறுக்கை முழங்காலுக்குள் இருக்கும் ஜவ்வு தாங்க வேண்டியிருக்கும். அமர்வு 25 நிமிடமோ 50 நிமிடமோ, அதுபோல நாளெல்லாம், நாள்தோறும்.

என் இரண்டாவது செஷினின் மூன்றாம் நாள் பிற்பகலில், வலது முழங்காலின் உட்புறம் ஊசி குத்துவது போலிருந்தது. போதிதர்மர் ஒன்பது ஆண்டுகள் சுவரை நோக்கி அமர்ந்தார் என்னும் மரபுக்கதையை நினைத்துக்கொண்டு நான் அசையவில்லை. பக்கத்தில் இருந்தவர் அடிக்கடி காலை மாற்றிக்கொண்டிருந்தது எனக்கு இரகசிய மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் முழங்காலை நீட்ட முடியவில்லை; ஜவ்வு கிழிந்திருந்தது. அதன் பின் ஏழு மாதங்கள் நாற்காலியில்தான் தியானம். அத்தகைய நாற்காலி ஒன்று அந்த அரங்கின் மூலையில் முதல் நாளிலிருந்தே போடப்பட்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

தொடையிலும் முதுகிலும் பரவும் மந்தமான வலி, எழுந்து நடந்தால் குறையும், அதனுடன் அமரலாம். மூட்டுக்குள் கூர்மையாகக் குத்துவதும், நடைத் தியானமான கின்ஹினின்போதும் விடாமல் தொடர்வதும் வேறு வகை. அப்போது ஒருமுறை வணங்கிவிட்டு ஓசையின்றிக் காலை மாற்றிக்கொள்ளுங்கள். அரைப் பத்மாசனத்தை 13ஆம் நூற்றாண்டிலேயே, ஜப்பானில் சோட்டோ மரபை நிறுவிய டோகன், ஜாஜென் என்னும் அமர்ந்த தியானத்துக்கான தம் வழிகாட்டியில் ஏற்றுக்கொண்டிருக்கிறார். இரு முழங்கால்களும் விரிப்பில் படியாவிட்டால் ஜாஃபு என்னும் மெத்தையின் உயரத்தைக் கூட்டுங்கள், அல்லது குட்டைப் பலகையின் மேல் வஜ்ராசனம் போல மண்டியிட்டு அமருங்கள். சென்ற முகாமில் ஓர் இளைஞரிடம் அப்படியொரு பலகையை நீட்டினேன், புன்னகையுடன் மறுத்தார். அந்தப் புன்னகையை எனக்குத் தெரியும்.

மரத்துப்போன காலுடன் எழுவது

எழாதீர்கள். நடைத் தியான வரிசை காத்திருக்கும்.

காட்சிகளைக் கொண்டாடுவது

நான்காம், ஐந்தாம் நாள்களில் சுவர் அலையாடலாம், அதன் கறைகள் முகங்களாகலாம். ஜென் மரபில் இதற்கு மாக்யோ என்று பெயர். புத்தரைச் சோதித்த மாரனின் உலகம் என்று பொருள் கொள்ளலாம். ஞானம் கிட்டிவிட்டதாக நான் ஒரு மாலை முழுவதும் மிதந்திருக்கிறேன். உறக்கக் குறைவும் அதில் பங்கு வகித்திருக்கும். ஆனால் அச்சம் பெருகினாலோ, இரவில் உறக்கமே வராமற்போனாலோ, மௌனத்தைக் காரணம் காட்டாமல் ஆசிரியரிடம் உடனே சொல்லிவிடுங்கள். மனநலச் சிகிச்சை பெற்றவர்கள் பதிவு செய்யும்போதே அதைத் தெரிவிக்க வேண்டும்.

டோகுசானுக்கு ஒத்திகை பார்ப்பது

ஆசிரியருடனான தனிச்சந்திப்பு சில நிமிடங்களே. முந்தைய அமர்வு முழுவதும் செதுக்கிய வாக்கியம், வாயிலில் வணங்கும்போதே ஊசிப்போயிருக்கும்.

கண்ணால் பேசுவது

அதுவும் பேச்சுதான்.

முடிந்த அன்றே நெடுந்தூரம் வண்டி ஓட்டுவது

ஓர் இரவு உறங்கிவிட்டுக் கிளம்புங்கள்.