புவியியல், நகரத் திட்டமிடல் முதுகலை ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புவியியலிலோ நகரத் திட்டமிடலிலோ முதுகலை ஆய்வு செய்கிறவர்கள், ஜிஐஎஸ் (வரைபடத் தரவைக் கையாளும் புவியியல் தகவல் முறைமை) மென்பொருள் சரியாகத் தெரியவில்லையே என்றுதான் முதலில் கவலைப்படுகிறார்கள். அது சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். வைவா (வாய்மொழித் தேர்வு) அறை வரைக்கும் விடாமல் கூட வருவது வேறொன்று: யாரோ எதற்காகவோ போட்ட எல்லைக்கோட்டை அப்படியே எடுத்து, அதன்மேல் ஆய்வைக் கட்டுவது.

வார்டு, மாவட்டம், கணக்கெடுப்பு வட்டாரம் எல்லாமே வேறு வேலைக்காகப் பிறந்த எல்லைகள். தேர்தல் நடத்த ஒன்று, வரி வசூலிக்க ஒன்று, தலை எண்ண ஒன்று. ஷேப்ஃபைல் (எல்லைகள் அடங்கிய கணினிக் கோப்பு) கிடைத்துவிட்டது என்பதற்காக அதையே ஆய்வின் அலகாக வைத்துக்கொள்கிறோம். எல்லையை மாற்றினால் விடை எவ்வளவு மாறும் என்று 1979இல் புவியியலாளர்கள் ஸ்டான் ஓப்பன்ஷாவும் பீட்டர் டெய்லரும் காட்டினார்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 99 கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்றவை). ஒவ்வொன்றிலும் முதியோர் எத்தனை சதவீதம், குடியரசுக் கட்சிக்கு எத்தனை சதவீத வாக்கு என்று இரண்டே விவரம். கவுண்டிகளை விதவிதமாகச் சேர்த்துப் பெரிய மண்டலங்கள் ஆக்கினார்கள். சேர்த்த விதத்தைப் பொறுத்து, ஒட்டுறவுக் கெழு (இரண்டு விவரங்களும் எந்த அளவுக்குச் சேர்ந்தோ எதிராகவோ மாறுகின்றன என்று காட்டும் எண்) கிட்டத்தட்ட -1 முதல் +1 வரை போய் வந்தது. ஆட்கள் அதே ஆட்கள், வாக்கும் அதே வாக்கு. கோடு மட்டும்தான் வேறு.

இதிலிருந்து முழுதாகத் தப்பிக்க வழியில்லை. ஆனால் குறைந்தது இரண்டு வகை அலகுகளில் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விடை ஆடாமல் நின்றால் நல்லது. ஆடினால், ஆடுகிறது என்று எழுதிவிடுங்கள். ஒரே அலகில்தான் தரவு கிடைக்கிறது என்றால், அந்த எல்லை எதற்காகப் போடப்பட்டது என்று ஒரு பத்தி எழுதுங்கள். அதை எழுத உட்காரும்போதே பாதிச் சிக்கல் உங்களுக்குப் புலப்பட்டுவிடும்.

இந்தத் தவறுக்கு ஒரு பங்காளி உண்டு: இடத்தைப் பற்றிய கணக்கை ஆளின் தலையில் கட்டுவது. அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை எடுத்து ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1950இல் ஒரு கணக்குப் போட்டார். மாநிலவாரியாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள இடங்களில் எழுத்தறிவின்மை குறைவு. கெழு சுமார் -0.53. ஆள்வாரியாகப் பார்த்தால் தலைகீழ்: வெளிநாட்டில் பிறந்தவர்களிடையே எழுத்தறிவின்மை சற்று அதிகம், கெழு சுமார் +0.12. காரணம் எளிது. குடியேறியவர்கள் போய்த் தங்கியதெல்லாம் ஏற்கெனவே எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில். இத்தனை வருடம் கழித்தும், “வருமானம் குறைந்த வார்டுகளில் பேருந்துப் பயணம் அதிகம், ஆகவே ஏழைகள்தான் பேருந்தில் போகிறார்கள்” என்ற வகை வாக்கியம் ஆய்வேடுகளில் வந்துகொண்டேதான் இருக்கிறது. அந்த வார்டில் பேருந்தில் ஏறுகிறவர் யார் என்று உங்கள் தரவு சொல்லவே இல்லை. அது தெரிய வேண்டுமென்றால் பயணிகளிடம்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது ஆயத்தொலைவு முறை, அதாவது வரைபடத்தில் இடத்தை எந்த அலகில் எண்களாகக் குறிக்கிறோம் என்பது. நானே இதில் மாட்டியிருக்கிறேன். பேருந்து நிறுத்தங்களைச் சுற்றி 500 மீட்டருக்கு பஃபர் (சுற்று வட்டம்) போட நினைத்து 500 என்று அடித்தேன். வரைபட அடுக்கோ மீட்டரில் இல்லை, டிகிரியில் இருந்தது. 500 டிகிரி! உலகத்தையே விழுங்கிய வட்டம் திரையில் வந்து நின்றது. சிரித்துவிட்டுத் திருத்திக்கொண்டேன். கண்ணுக்குத் தெரிகிற தவறு என்பதால் பிழைத்தேன். தெரியாத வகைதான் ஆபத்து. இணைய வரைபடங்களில் பழகிப்போன வெப் மெர்கேட்டர் முறையில் அலகு மீட்டர்தான், ஆனால் 60 டிகிரி அட்சரேகையில் நீளம் இரண்டு மடங்காகவும் பரப்பு நான்கு மடங்காகவும் விரிந்திருக்கும். அங்கே அந்த முறையில் 500 என்று போட்டால் தரையில் கிடைப்பது 250 மீட்டர். எந்த எச்சரிக்கையும் வராது. நீளமோ பரப்போ அளக்கும் முன், அந்தப் பகுதிக்கு உரிய வரைபட வீழ்ப்பு முறைக்கு (உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறை) மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, மீட்டர் கணக்கு ஒழுங்காக இருக்கிறது என்றே வைப்போம். பூங்காவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, உள்ளே இருப்பவர்களுக்கெல்லாம் நடக்கும் தூரத்தில் பூங்கா இருக்கிறது என்று சொல்ல முடியுமா? நடுவில் ரயில் பாதையோ ஆறோ இருந்தால், கண்ணெதிரே தெரியும் பூங்காவுக்கு இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். மனிதர்கள் தெரு வழியாகத்தான் நடக்கிறார்கள். தெரு வலைப்பின்னலை வைத்து அளக்கப் பரவலாகப் பயன்படும் ஜிஐஎஸ் மென்பொருள்களில் வசதி இருக்கிறது.

வரைபடத்தில் பகுதிகளுக்கு நிறம் தீட்டும்போது எண்ணிக்கையைத் தீட்டாதீர்கள், விகிதத்தைத் தீட்டுங்கள். இல்லையென்றால் நோய், விபத்து, வறுமை என எதை வரைந்தாலும் கிடைப்பது மக்கள்தொகை வரைபடம்தான்.

ஆய்வேட்டின் முன்னுரையில் 19ஆம் நூற்றாண்டு லண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ வராமல் இருப்பது அபூர்வம். அவர் வரைபடம் வரைந்தார், நோய் பரப்பிய தெருக் குழாயைக் கண்டுபிடித்தார், கைப்பிடியைக் கழற்றச் சொன்னார், காலரா ஒழிந்தது என்று கதை போகும். உண்மை அப்படியில்லை. நீர் வழியாகத்தான் காலரா பரவுகிறது என்று அவர் 1849லேயே எழுதிவிட்டார். லண்டன் பிராட் தெருக் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது 1854 செப்டம்பர் 8. அதற்குள் நோய் தணியத் தொடங்கியிருந்தது. புகழ்பெற்ற அந்த வரைபடம் வந்தது அதற்குப் பிறகு, தன் வாதத்தை மற்றவர்களுக்குக் காட்ட. கேள்வி முதலில், வரைபடம் அப்புறம். “ஜிஐஎஸ் மூலம் இன்ன நகரத்தின் ஆய்வு” என்று தலைப்பு வைப்பவர்கள் இந்த வரிசையைத்தான் கோட்டை விடுகிறார்கள். அந்தத் தலைப்பில் கேள்வியே இல்லை.

திட்டமிடல் பக்கம் வந்தால் கடைசி அத்தியாயம்தான் பலவீனம். “அரசு ஆவன செய்ய வேண்டும்” என்று பதினைந்து பரிந்துரைகள் இருக்கும். எந்தத் துறை, எந்தச் சட்ட அதிகாரத்தில், யார் பணத்தில், யாருக்கு இழப்பு என்ற விவரம் ஒன்றிலும் இருக்காது. இரண்டு பரிந்துரை போதும், அவற்றை இந்தக் கேள்விகளுக்குப் பதிலோடு எழுதுங்கள். மக்கள் பங்கேற்பிலும் இதே கதை. மூன்று கூட்டம் நடந்தது, ஆகவே மக்கள் பங்கேற்றார்கள் என்று முடித்துவிடுகிறோம். 1969இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாகப் பிரித்தபோது, தகவல் சொல்வதையும் கருத்துக் கேட்பதையும் வெறும் ஒப்புக்கான பங்கேற்பு என்றுதான் வகைப்படுத்தினார். கூட்டத்தில் சொல்லப்பட்ட எதனாலாவது திட்டத்தில் ஒரு வரியாவது மாறியதா என்று தேடுங்கள்.

களப்பணித் தரவை வரைபடமாக்கும்போது இன்னொரு பொறி. பேட்டி கொடுத்தவரின் பெயரை மறைத்துவிட்டு, வீட்டைப் புள்ளியாக வைத்துவிடுவோம். ஊர்க்காரர் ஒருவர் பார்த்தால் போதும், யார் வீடு என்று சொல்லிவிடுவார். ஸ்ட்ராவா என்ற ஓட்டப்பயிற்சிச் செயலியின் பெயரில்லாத வெப்ப வரைபடத்திலிருந்தே 2018இல் ராணுவ முகாம்கள் வெளியே தெரிந்தன. புள்ளிகளைச் சற்றுத் தள்ளி வையுங்கள், அல்லது தொகுத்துக் காட்டுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு வாரக்கணக்கில் ஆகலாம். களத்துக்குப் போகும் தேதியை முடிவுசெய்வதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

இன்னும் சேராதவர்களுக்கு ஒன்று. துறையின் பெயரில் புவியியலும் திட்டமிடலும் சேர்ந்தே இருந்தாலும், இரண்டு பட்டங்களும் ஒன்றல்ல. பிரிட்டனில் ஆர்டிபிஐ (RTPI), அமெரிக்காவில் பிஏபி (PAB) போன்ற திட்டமிடல் துறை அமைப்புகள் திட்டமிடல் படிப்புகளுக்குத் தனியாக அங்கீகாரம் கொடுக்கின்றன. திட்டமிடுநராக வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால், நீங்கள் சேரப்போகும் அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு அது இருக்கிறதா என்று கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.