பின் ஸ்டெபிலைசர் பார் பொருத்தும் முறை: லிங்க் நட்டை எப்போது இறுக்குவது?

முன்சில்லு இயக்கமுள்ள காரை வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் மூக்கு வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். பின்பக்கம் தடித்த ஸ்டெபிலைசர் பார் (இரண்டு பின்சில்லின் சஸ்பென்ஷனையும் குறுக்காக இணைக்கும் உருக்குக் கம்பி) போட்டால் அந்தத் தள்ளலும் உடல் சாய்வும் குறையும். இரண்டு பின்சில்லும் ஒன்றாக ஏறி இறங்கும் மேடுகளில் பார் வேலை செய்யாது, அங்கே சொகுசில் மாற்றம் தெரியாது. ஒரு சில்லு மட்டும் குழியில் விழும்போது மட்டும் முன்பைவிட உதறும்.

வேலை கடினமானதல்ல. நான்கைந்து போல்ட், இரண்டு லிங்க் (பாரின் நுனியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு தண்டு), அவ்வளவுதான். ஆனால் இதைச் செய்த பிறகு "டக் டக்" சத்தம் வருகிறது, கார் ஒரு பக்கம் இழுக்கிறது என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பகுதிக்குக் காரணம் ஒன்றே: லிங்கைத் தவறான நிலையில் வைத்து இறுக்குவது. அந்தப் படியைக் கீழே நீளமாக எழுதியிருக்கிறேன்.

முதலில் காருக்கு அடியில் பாருங்கள்

இந்த முறை இரண்டு பின்சில்லும் தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷன் உள்ள கார்களுக்கானது: சிவிக், லான்சர் ஈஎக்ஸ், இம்ப்ரெசா போன்றவை. முன்சில்லு இயக்கமுள்ள விட்ஸ், ஸ்விஃப்ட், அக்வா, அக்ஸியோ, அலியன் ஆகியவற்றில் பின்னால் இரண்டு சில்லையும் இணைக்கும் ஒரே பீம்தான் இருக்கும். அவற்றுக்கான பார் பீமின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே நேரடியாகப் போல்ட் பண்ணப்படுவது. அதில் புஷ்ஷும் (பிராக்கெட்டுக்குள் பாரைக் கவ்விப் பிடிக்கும் ரப்பர் அல்லது யூரித்தேன் துண்டு) இல்லை, லிங்கும் இல்லை. அந்தக் கார்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது.

பழைய ஈகே சிவிக் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தடித்த பார் அதன் பின்பக்கப் பிடிமானத் தகட்டைக் கிழித்துவிடும். வலுவூட்டும் பிரேஸையும் சேர்த்தே வாங்குங்கள். பழைய இம்ப்ரெசாக்களில் பார் பிடிக்கும் பிராக்கெட் வெடிக்கும். அதற்கும் தடித்த பிராக்கெட் தனியாகக் கிடைக்கிறது. இந்த இரண்டு கார்களிலும் பாரை மட்டும் போட்டுவிட்டு ஓட வேண்டாம்.

எந்த அளவு?

பாரின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 16 மி.மீ. இருந்த இடத்தில் 19 மி.மீ. போட்டால் விறைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 20 இருந்த இடத்தில் 22 போட்டாலே ஏறக்குறைய 46 வீதம் கூடுகிறது. ஆகவே "கிடைப்பதில் தடித்ததைப் போடுவோம்" என்ற எண்ணம் வேண்டாம். நாளாந்தம் ஓடும் காருக்கு, கம்பனி பாரைவிட இரண்டு அல்லது மூன்று மி.மீ. கூடியதே போதும்.

கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில், ஜப்பானில் இருந்து வரும் ரிகண்டிஷன் பார்களும் கிடைக்கும். உங்கள் காரின் ஸ்போர்ட்ஸ் ரகத்தில் இருந்து கழற்றிய பார் என்றால் பெரும்பாலும் நேராகப் பொருந்தும், விலையும் குறைவு. வாங்கும்போது சமதரையில் கிடத்திப் பாருங்கள். இரண்டு நுனியும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். புஷ் உட்காரும் இடத்தில் கறள் குழி விழுந்திருந்தால் வேண்டாம், புதுப் புஷ்ஷை அது அரைத்துவிடும். பார் பழையதாக இருக்கலாம். புஷ்ஷும் லிங்கும் புதிதாகவே இருக்க வேண்டும். பாரின் விட்டத்தைக் கலிப்பரால் அளந்து, அதே அளவுள்ள புஷ்ஷைக் கேட்டு வாங்குங்கள்.

கருவிகள்

12, 14, 17 மி.மீ. சொக்கெட்டும் ரிங் ஸ்பானரும், 5, 6 மி.மீ. அலன் சாவி, டோர்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பானர்), கம்பித் தூரிகை, கறள் இளக்கும் ஸ்பிரே, சிலிக்கன் கிரீஸ். யூரித்தேன் புஷ்ஷுக்குச் சாதாரணச் சில்லுக் கிரீஸ் போட வேண்டாம், அது சீக்கிரம் கழுவுப்பட்டுப் போய்விடும்.

காரைத் தூக்க என்ன பாவிப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. குழி உள்ள கராஜ்தான் இந்த வேலைக்கு முதல் தெரிவு. நான்கு சில்லும் நிலத்தில் நிற்க, கீழே நின்று எல்லாவற்றையும் முடிக்கலாம். அடுத்தது, பின்சில்லு இரண்டையும் ஏற்றி நிறுத்தும் சரிவு மேடை. இரண்டு தூண் ஹொயிஸ்ட் பார்க்க வசதியாகத் தெரிந்தாலும் அதில் சில்லுகள் தொங்கும், கடைசி இறுக்கத்துக்கு எப்படியும் காரை இறக்க வேண்டிவரும். வீட்டுத் தரிப்பிடத்தில் ஜக் போட்டுச் செய்தால் சமமான கொங்கிரீட் தரையும் இரண்டு ஸ்டாண்டும் கட்டாயம். முன்சில்லுகளுக்கு அடை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி உள்ளே போகவே கூடாது.

கழற்றுதல்

முதல் நாள் இரவே எல்லா நட்டுக்கும் ஸ்பிரே அடித்து விடுங்கள். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடற்கரையோரம் நிற்கும் கார்களில் உப்புக் காற்றால் லிங்க் நட் ஒட்டிப்போய் இருக்கும். அவற்றுக்கு இரண்டு நாள் முன்னதாகவே தொடங்குவது நல்லது.

நட்டில் கை வைக்கும் முன் வெளியே தெரியும் புரியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தமாக்குங்கள். அழுக்கோடு திருப்பினால் நட் பாதியில் இறுகும், நடுத்தண்டும் சேர்ந்து சுழலத் தொடங்கும். தண்டின் நுனியில் உள்ள அறுகோணத் துளையில் அலன் சாவியைப் போட்டுத் தண்டைப் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பானரால் நட்டைத் திருப்ப வேண்டும். துளைக்குள் இருக்கும் மண்ணை ஊசியால் எடுத்துவிட்டு, அலன் சாவியைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி முழு ஆழத்துக்கும் இறக்குங்கள். அரைகுறையாக இருந்தால் துளை உருண்டுவிடும்.

உருண்டுவிட்டால்? லிங்க் எப்படியும் புதிதாகத்தான் வருகிறது, ஆகவே இரும்பு அறுக்கும் வாளால் நட்டை வெட்டிவிடுங்கள். கிரைண்டரும் காஸ் சுவாலையும் வேண்டாம். பல கார்களில் பெற்றோல் தாங்கி பின் அச்சுக்குச் சற்று முன்னால்தான் இருக்கிறது. பிரேக் குழாயும் ஏபிஎஸ் வயரும் கையெட்டும் தூரத்தில் ஓடுகின்றன.

லிங்க் இரண்டும் விடுபட்ட பின் பிராக்கெட் போல்டுகளைக் கழற்றினால் பார் கையில் வரும். சைலன்சர் வழியை மறித்தால் அதன் ரப்பர் கொழுக்கிகளில் சோப்புத் தண்ணீர் தடவி இழுங்கள், கழன்றுவிடும். பழைய பாரை வெளியே எடுத்ததும் இடது எது, மேல்பக்கம் எது என்று பெயிண்டால் குறித்து, புதியதை அதன் பக்கத்தில் கிடத்தி ஒப்பிடுங்கள். தலைகீழாகப் போட்ட பார் முதல் குழியிலேயே சைலன்சரில் முட்டும்.

புதிய பாரை ஏற்றுதல்

புஷ்ஷின் உள்பக்கம் முழுவதும் சிலிக்கன் கிரீஸ் தாராளமாகப் பூசிப் பாரில் மாட்டுங்கள். பிராக்கெட்டைப் போட்டு எல்லாப் போல்டையும் விரலால் மட்டும் சில சுற்றுத் திருப்பி விடுங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கடைசிப் போல்ட் துளைக்கு நேராக வராது.

இப்போது பாரை நடுவில் நிறுத்துங்கள். பிராக்கெட்டின் வெளி ஓரத்தில் இருந்து பாரின் நுனி வரை இரண்டு பக்கமும் அளந்து சமமாக்க வேண்டும். வளையப் பூட்டு வந்திருந்தால் அதைப் புஷ்ஷோடு ஒட்டிப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் பார் நாளடைவில் ஒரு பக்கமாக நகரும். பிறகு பிராக்கெட்டை மாறிமாறிச் சமமாக இறுக்குங்கள். பொதியில் வந்த தாளில் சொன்ன டோர்க் அளவே சரி. அது இல்லாவிட்டால் காரின் சேர்விஸ் கையேட்டில் உள்ளதை எடுங்கள்.

லிங்க் மாட்டும் முன் ஒரு சோதனை: பாரின் கையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கொஞ்சம் தடையோடு, ஆனால் கையாலேயே அசைய வேண்டும். இரண்டு கையாலும் தொங்கினாலும் அசையாவிட்டால் புஷ் அளவு பிழை, அல்லது பிராக்கெட் அளவுக்கு மீறி நெரிக்கிறது. சரியான புஷ்ஷும் நெரிபட்டால் பிராக்கெட்டுக்கு அடியில் மெல்லிய வொஷர் வைக்கலாம்.

லிங்க்: அவசரப்படக்கூடாத இடம்

பார் இரண்டு பின்சில்லையும் ஒன்றோடொன்று கட்டிப்போடுகிறது. ஒரு பக்கம் மட்டும் ஜக் போட்டால் அந்தச் சில்லு தொங்கும், மற்றது நிலத்தில் நிற்கும். அந்த நிலையில் ஒரு லிங்கை மாட்டலாம். அடுத்த லிங்கின் தண்டு துளைக்கு மிகத் தள்ளி நிற்கும். பலர் இந்த இடத்தில் கடப்பாரை போட்டு நெம்புகிறார்கள். நெம்பினால் பார் முறுக்கிய நிலையில் துளைக்குள் போகும், அந்த விசையில் புரி கெடும், லிங்கின் ரப்பர் உறை கிழியும்.

செய்ய வேண்டியது இதுதான். இரண்டு பின்சில்லும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்: இரண்டும் சமமாகத் தொங்கலாம், அல்லது இரண்டும் நிலத்தில் நிற்கலாம். தொங்கும் நிலையில் ஒரு பக்கம் சற்றுக் கீழே நின்றால், அந்தப் பக்கச் சஸ்பென்ஷனின் கீழ்க்கைக்கு அடியில் ஜக் வைத்து மெல்ல உயர்த்துங்கள். தண்டு வழுக்கிக்கொண்டு துளைக்குள் இறங்கும். நட்டைக் கையால் மட்டும் போட்டு விடுங்கள்.

பிறகு காரை இறக்கி, சில்லுகளில் பாரம் நிற்கும் நிலையில் கடைசி இறுக்கத்தைச் செய்யுங்கள். ரப்பர் புஷ் வைத்த லிங்குக்கு இது கட்டாயம். தொங்கும் நிலையில் இறுக்கினால் கார் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்குண்டு நிற்கும், சில மாதங்களில் கிழியும். பந்து மூட்டு லிங்கை எந்த உயரத்திலும் இறுக்கலாம் என்றாலும் இரண்டு பக்கமும் சமமாக நிற்பது அவசியம். நீளம் மாற்றக்கூடிய லிங்க் என்றால், சமதரையில் கார் நிற்கும்போது இரண்டாவது தண்டு எந்த விசையும் இன்றித் துளைக்குள் போகும்வரை அதன் நீளத்தைத் திருத்துங்கள். முடிந்தால் ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்கார வைத்து இதைச் செய்யுங்கள். இப்படிச் செய்த பாரில் முன்முறுக்கு இருக்காது; கார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்காது.

பந்து மூட்டு லிங்கில் காற்றுத் துப்பாக்கியைப் பாவிக்க வேண்டாம். தண்டு வேகமாகச் சுழன்றால் ரப்பர் உறை முறுக்குண்டு கிழியும், மழைத்தண்ணீர் உள்ளே போகும், மூட்டு ஆடத் தொடங்கும். கராஜில் கொடுத்துச் செய்வதென்றால் மெக்கானிக் பாஸிடம் இரண்டே விடயம் சொல்லுங்கள்: லிங்குக்குக் கை ஸ்பானர், கடைசி இறுக்கம் சில்லு நிலத்தில் நிற்கும்போது.

பாரில் இரண்டு மூன்று துளைகள் இருந்தால் நுனிக்குக் கிட்ட உள்ளது மென்மையானது, உள்ளே போகப்போக விறைப்புக் கூடும். நுனித் துளையில் இருந்து தொடங்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே துளைதான்.

ஓடிப் பார்த்தல்

சில்லு கழற்றியிருந்தால் நட்டுகளையும் டோர்க் ரெஞ்சால் முடியுங்கள். டொயோட்டாவுக்கு 103, ஹொண்டாவுக்கு 108 நியூட்டன் மீற்றர். முதலில் ஒழுங்கைக்குள் ஒரு பக்கச் சில்லை மட்டும் வேகத்தடையில் ஏற்றி இறக்குங்கள். 100 கிலோமீற்றர் ஓடிய பின் எல்லாப் போல்டையும் திரும்ப ஒருமுறை சோதியுங்கள்.

"கிறீச்" என்று முனகினால் புஷ்ஷில் கிரீஸ் போதாது. ஒற்றைச் சில்லு குழியில் விழும்போது மட்டும் "டக்" என்றால் லிங்க் நட் தளர்வு. பெரிய மேட்டைத் தாண்டி இறங்கும்போது மட்டும் இடித்தால், சில்லு முழுதாகத் தொங்கும் நிலையில் பார் எதிலோ முட்டுகிறது. காரைத் தூக்கிச் சைலன்சர், பிரேக் குழாய், மேலதிகச் சில்லு வைக்கும் குழி ஆகிய மூன்றையும் பாருங்கள். பாரில் பெயிண்ட் தேய்ந்த இடம் காட்டிக்கொடுக்கும்.

மழையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பின் பார் விறைத்த காரில், நனைந்த வளைவின் நடுவே திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் வழுக்கி வெளியே வரும். அதிவேகப் பாதையை விட்டு வெளியேறும் வளைவுகளில், மழை தொடங்கிய முதல் நிமிடங்களில் இது மிக ஆபத்து. வளைவுக்குள் நுழையும் முன்னரே வேகத்தைக் குறைத்துவிட்டு, உள்ளே மெல்லிய, மாறாத அழுத்தத்தில் போங்கள். நான்கு டயரில் நல்ல இரண்டும் பின்னால்தான் இருக்க வேண்டும். பின் டயர் தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், பார் அடுத்த மாதம் வரட்டும்.